சம்பத் ஏறிய கம்பெனி பஸ்: பெங்களூரில் 1991-ஐத் தேடிப் போன ஒரு நாள்

எனக்கு ஊர் கிருஷ்ணகிரி. ப்ளஸ் டூவுக்கு வரலாறு நடத்துகிறேன். ஒவ்வொரு வருஷமும் ஒரு பாடத்தில் மட்டும் மொத்த வகுப்பும் என் கண் முன்னாலேயே தூங்கிவிடும். அதுதான் 1991. டாலர் கையிருப்பு கரைந்துபோய், தங்கத்தை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டில் அடகு வைத்து, ஜூலை பட்ஜெட்டில் நாட்டின் கதவைத் திறந்துவிட்ட வருஷம். சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டைத் திருப்பிப் போட்ட வருஷம் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். பிள்ளைகளுக்கோ அது தாராளமயமாக்கல் என்ற ஒரு நீளமான சொல், ஒரு ஐந்து மார்க் கேள்வி.

போர் நடந்த இடமென்றால் கோட்டையைக் காட்டலாம். பட்ஜெட்டுக்கு எதைக் காட்டுவது? யோசித்துப் பார்த்ததில், தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூர்தான் சரியென்று பட்டது. கதவு திறப்பதற்கு முந்தைய இந்தியா அங்கே கிழக்குப் பக்கம் அரசாங்கத் தொழிற்சாலையாக நிற்கிறது. திறந்த பிறகு வந்த இந்தியா தெற்கே எலெக்ட்ரானிக் சிட்டியில் கண்ணாடிக் கட்டடங்களாக நிற்கிறது. இரண்டையும் ஒரே நாளில் படமெடுத்து வந்து கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடலாம் என்று கிளம்பினேன். 2007 மே 31, வியாழக்கிழமை. பள்ளி திறக்க நான்கே நாள் இருந்தது.

முதல் நாள் மாலையே பஸ் பிடித்துவிட்டேன். டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். ஓசூர் ரோட்டில் மேம்பால வேலை நடப்பதால் இரண்டரை மணி நேரப் பயணம் மூன்றே முக்கால் மணி நேரமானது. அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு அறை எடுத்தேன். சுத்தமான அறை, சுடுதண்ணீர் காலை ஏழு மணி வரைதான். தனியாக வரும் பெண்களை இரண்டு முறை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். நானும் திருப்பி ஏற இறங்கப் பார்த்தேன், சரியாகிவிட்டது. காலை டிபனுக்குக் கவலையே இல்லை, அல்சூரில் தமிழிலேயே இட்லி கேட்டு வாங்கலாம்.

ஒன்பது மணிக்கு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். அந்தத் தொழிற்சாலையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, காரணம் பின்னால் தெரியும். பெயரைச் சொன்னதும் மூன்று பேர் "பரல்லா" என்று தலையாட்டிவிட்டார்கள். வர மாட்டேன் என்பதற்குக் கன்னடத்தில் இத்தனை சுருக்கமான சொல் இருப்பதே ஆட்டோக்காரர்களுக்காகத்தான் என்று நினைக்கிறேன். நான்காவது ஆள் தமிழர். ஐம்பது வயது இருக்கும், காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார்.

"அந்த சைடு வராது மேடம். ஆறு வருஷமா அந்தப் பக்கம் சவாரி எடுக்கறதில்ல."

ஆறு வருஷமா! பெங்களூர் ஆட்டோக்காரர்கள் சாக்குச் சொல்வதில் கெட்டிக்காரர்கள் என்று தெரியும், ஆனால் இது புதிதாக இருந்தது. எனக்குக் கோபம் வந்து மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தேன். இருநூறு அடி போயிருக்க மாட்டேன், அதே ஆட்டோ பின்னாலேயே வந்து நின்றது.

"ஏறுங்க மேடம். ஆனா ஃபேக்டரிக்கு மத்தியானத்துக்கு மேலதான். மொதல்ல வேற எங்கனா போவணும்னா போலாம்."

நாள் முழுக்க அறுநூறு ரூபாய் என்று பேசிக்கொண்டோம். பெயர் சம்பத், வீடு ஜீவனஹள்ளி. வரிசையை மாற்றி எலெக்ட்ரானிக் சிட்டியை முதலில் பார்ப்பதாக முடிவானது. அல்சூரிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம்.

எலெக்ட்ரானிக் சிட்டியைப் பற்றி எழுத அதிகமில்லை. வாசலில் நின்று கேமராவை எடுத்ததுமே காவலாளி ஓடி வருகிறார். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்தால் அவருக்கு ஆட்சேபம் இல்லை. கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக டீ குடிக்க வந்தார்கள். பாதிப் பேர் பேசியது நம் தமிழ்தான், சேலம், ஈரோடு, திருநெல்வேலி என்று எல்லாப் பக்கத்துத் தமிழும் காதில் விழுந்தது. எட்டுப் படம் எடுத்தேன். பாதி வேலை முடிந்த திருப்தியில் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து சம்பத்துக்குப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். வாத்தியார் வேலைக்கு வந்து பதினான்கு வருஷமாகிறது, எதிரே ஒரு முதுகு கிடைத்தாலும் போதும்.

"இதெல்லாத்துக்கும் ஆரம்பம் 91தாங்க. அந்த வருஷம் உங்க பெங்களூரையே மாத்திடுச்சு இல்லையா?"

"ஆமா மேடம், மாத்திடுச்சு" என்றார் சம்பத். "ஒரே மாசத்துல வீட்டை மாத்தினேன்."

நான் பட்ஜெட்டைச் சொன்னேன். அவர் டிசம்பரைச் சொன்னார். காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி நடந்த கலவரம். அப்போது அவர் மேற்குப் பக்கம் ஒரு வாடகை வீட்டில், மனைவியும் மூன்று வயது மகளுமாக இருந்திருக்கிறார். தெருக்கோடியில் தமிழ்க்காரர் கடை ஒன்று எரிந்ததும் குடும்பத்தோடு நேராகப் போய் நின்றது பசவராஜ் வீட்டில். நான் பார்க்க வந்த அதே தொழிற்சாலையில்தான் சம்பத்தும் அப்போது வேலை செய்திருக்கிறார். பசவராஜ் அங்கே அவரோடு ஒரே பிரிவில் வேலை செய்தவர், இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவர், கன்னடக்காரர்.

"ஆறு நாள் வெச்சிருந்தான் மேடம். ஃபேக்டரி தொறந்ததும் கம்பெனி பஸ்ல என்னை உள்பக்கம் உக்கார வெச்சுட்டு அவன் ஜன்னல் பக்கம் உக்காருவான். வாயத் தொறக்காத, தூங்கற மாதிரி இருன்னுவான். ஒரு மாசம் அப்படியே கூட்டினு போனான். அதுக்கப்புறந்தான் நான் நம்ம ஜனம் இருக்கற எடமாப் பாத்து ஜீவனஹள்ளிக்கு வந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த டிசம்பரில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் மூட்டையும் பிள்ளைகளுமாக மனிதர்கள் வந்து இறங்கியதை நானே பார்த்திருக்கிறேன். வீட்டிலிருந்து அண்டா நிறையச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தோம். அப்படியிருந்தும் பதினான்கு வருஷமாக 91 என்று சொல்லும்போது அது ஒரு முறைகூட என் வாயில் வந்ததில்லை. பாடத்தில் இல்லாததால் மறந்தே போயிருந்தேன்.

மடிவாளாவில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம், இருவருக்கும் சேர்த்து எழுபது ரூபாய். மணி ஒன்றேகால். அங்கிருந்து வெளிவட்டச் சாலை வழியாகத் தொழிற்சாலைக்கு இருபது கிலோமீட்டர்தான். ஆனால் சம்பத் இரண்டு இடத்தில் டீக்கு நிறுத்தினார், ஒரு இடத்தில் டயரில் காற்று பார்த்தார். மனிதர் நாளைக் கடத்துகிறார் என்று எனக்குப் புரிந்தது. இரண்டாவது டீயில் பிடித்துக்கொண்டேன்.

"உண்மையச் சொல்லுங்க. காலையில வர மாட்டேன்னு சொல்லிட்டு ஏன் திரும்பி வந்தீங்க?"

கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். அன்றைக்கு பசவராஜ் பணி ஓய்வு பெறும் நாள். அந்தத் தலைமுறையில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியாரே வசதிக்கு ஜூன் ஒன்றாம் தேதியைப் பிறந்தநாளாக எழுதிவிடுவார். அதனால் மே 31 அன்று ஒரு பட்டாளமே ஓய்வு பெறும். ஓய்வு பெறுகிறவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். மாலை போட்டு, கேட்டைத் தாண்டி அழைத்து வந்து, கம்பெனி பஸ்ஸில் உட்கார வைத்து, கூட வேலை செய்தவர்களும் ஏறிக்கொண்டு, வீட்டு வாசல் வரை போய் மனைவி கையில் ஒப்படைத்துவிட்டு வருவார்கள். பொதுத்துறையில் இது எழுதாத சட்டம்.

"உங்களுக்கும் அப்படிச் செய்தாங்களா?"

"நான் விஆர்எஸ் மேடம். எழுதிக் குடுத்துட்டுப் போறவனுக்கு மாலை ஏது? டிபன் பாக்ஸைப் பையில போட்டுனு சிட்டி பஸ்ல வந்தேன்."

மீதியையும் அவரே சொன்னார். கேன்டீனில் அவர்கள் ஏழு பேர் ஒரே மேசை. இருபது வருஷத்துக்கு மேல் ஏழு டிபன் பாக்ஸையும் நடுவில் திறந்துவைத்துச் சாப்பிட்டவர்கள். ஆர்டர் குறைந்து, 2001-இல் விருப்ப ஓய்வு நோட்டீஸ் ஒட்டியதும் அந்த மேசையில் ஒரு பேச்சு வைத்துக்கொண்டார்கள். யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம், ஆனால் போடுவதற்கு முன்னால் மேசையில் சொல்ல வேண்டும். சம்பத் கடைசி வாரத்தில், சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த மேசைக்கு வந்து வழக்கம்போல உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். வாயே திறக்கவில்லை. மறுநாள் பட்டியலில் பெயரைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. சம்பத்தே போட்டுவிட்டான் என்றால் உள்ளே என்னவோ தெரிந்திருக்கிறது என்று பதறி நான்கு பேர் அன்றைக்கே போட்டார்கள். போடாமல் இருந்தது இரண்டே பேர். பசவராஜ் அதில் ஒருவர்.

"அப்புறம் அவன் மூஞ்சில முழிக்கல மேடம். பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகைகூட இன்னொருத்தர் கையில குடுத்தனுப்பினேன். அவன் வரல. இன்னிக்கு விட்டா இனிமே அந்த கேட்டுக்கு அவன் வர மாட்டான். நானா போய் நிக்க தைரியம் இல்ல. நீங்க கேட்டீங்க பாருங்க, சவாரி கொண்டாந்தேன்னு சொல்லிக்கலாம்னு நெனச்சேன்."

படிப்பு வந்து இங்கே கைகொடுக்கும் என்று நம்பினேன். மனிதருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று உண்மையான அக்கறையோடுதான் சொன்னேன். இது உங்கள் தப்பே இல்லை, நாட்டின் பாதையே திரும்பிவிட்டது, வெளிநாட்டுப் பொருள் வந்தபிறகு இந்த மாதிரித் தொழிற்சாலைகள் சுருங்கியே தீரும், லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள், அதில் நீங்கள் ஒருவர். பசவராஜிடம் இதை அப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வார். சம்பத் கவனமாகக் கேட்டார். ஒன்றிரண்டு இடத்தில் திரும்பச் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்வதுபோல் உதட்டை அசைத்துக்கொண்டார். என் மாணவர்கள் யாரும் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை.

மூன்று இருபதுக்கு கேட்டை அடைந்தோம். ரோட்டோரம் பூக்கடைக்காரர்கள் மாலையைக் கூடையில் அடுக்கி வைத்திருந்தார்கள், அவர்களுக்கும் தேதி தெரிந்திருக்கிறது. நாதஸ்வரம் இல்லை, ஒரு பேண்டு செட் மட்டும். பஸ்கள் வரிசையாக நின்றன. சம்பத் ஆட்டோவைச் சுவரோரம் நிறுத்திவிட்டு ஒரு மாலை வாங்கினார். வாங்கிய பிறகு அதைக் கையில் வைத்துக்கொள்ள வெட்கப்பட்டு ஆட்டோ சீட்டில் வைத்தார். மறுபடி எடுத்தார். கடைசியில் அது என் கையில் இருந்தது.

மூன்று நாற்பதுக்கு கூட்டம் வெளியே வந்தது. ஒவ்வொருவருக்கும் கழுத்து நிறைய மாலை, யார் எவர் என்றே தெரியவில்லை. சம்பத் "அதோ" என்றார். வழுக்கைத் தலை, தடிமனான கண்ணாடி, வெள்ளைச் சட்டையில் ஒரு மனிதர் முப்பது நாற்பது பேர் புடைசூழ பஸ்ஸை நோக்கி வந்துகொண்டிருந்தார். சம்பத் நகரவில்லை. நான் மாலையை அவர் கையில் திணித்து முதுகில் ஒரு தள்ளு தள்ளினேன். வகுப்பில் செய்தால் புகார் வந்துவிடும்.

பசவராஜ் பார்த்துவிட்டார். கூட்டம் நின்றது. பேண்டுக்காரர்களுக்கு மட்டும் விஷயம் தெரியாமல் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு ஓய்ந்தார்கள். அவர் ஆட்டோவையும் காக்கிச் சட்டையையும் பார்த்தார். நான் எதிர்பார்த்தது, ஏன் கையெழுத்துப் போட்டாய் என்ற கேள்வி. அதற்குத்தான் நாங்கள் பதிலும் தயாரித்திருந்தோம்.

"யாக்கோ ஹேளலில்லா?" என்றார் பசவராஜ். ஏன்டா சொல்லவில்லை என்றுதான் கேட்டார். போட்டதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

சம்பத்தின் வாய் திறந்தது. நாட்டின் பாதை, வெளிநாட்டுப் பொருள், லட்சம் பேர் எல்லாம் இப்போது வரும் என்று காத்திருந்தேன்.

"பயமா இருந்துச்சுப்பா" என்றார் சம்பத். அதற்குமேல் எதுவும் வரவில்லை.

பசவராஜ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அவருக்குத் தமிழ் நன்றாகவே வந்தது, இருபது வருஷ மேசைப் பழக்கம். "அவத்து, அந்த 91ல, பயமா இருந்தப்ப எங்க வந்தே? என் வீட்டுக்குத்தானே வந்தே? பொண்டாட்டி, மகளைக் கூட்டினு நேரா வந்தே இல்ல? இந்தத் தடவை யாக்கோ வரல?"

சம்பத் மாலையைப் போடவும் மறந்து அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். பசவராஜே அந்த மாலையை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, "சரி, பஸ் ஹத்து" என்றார். பஸ்ஸில் ஏறு என்கிறார். சம்பத் ஏறினார். ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்து ஜன்னல் வழியாக ஆட்டோ சாவியை என் பக்கம் வீசி, "மேடம், சொல்ப நேரம் பாத்துக்கோங்க!" என்று கத்தினார். பஸ் போயே போய்விட்டது.

இப்படியாக, நாட்டின் வரலாற்றுத் திருப்புமுனையைப் படமெடுக்க வந்த நான் மூன்று ஐம்பதிலிருந்து ஆறு மணி வரை ஒரு ஆட்டோவுக்குக் காவல் இருந்தேன். டீக்கடைக்காரர் ஸ்டூல் கொடுத்தார். ஒருவர் வந்து கே.ஆர்.புரம் வருமா என்று கேட்டார். "பரல்லா" என்றேன். அந்தச் சொல்லில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. கேட்டையும் சுவரையும் படமெடுக்கலாமே என்று கேமராவை வெளியே எடுத்தேன். மனசு வரவில்லை, திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

சிட்டி பஸ்ஸில் திரும்பி வந்த சம்பத்தின் நெற்றியில் ஆரத்தித் தண்ணீரின் சிவப்புப் பொட்டு. பசவராஜின் மனைவி வாசலில் தட்டோடு நின்றாராம். கூட வந்தவர்கள் ஒதுங்கி நிற்க, சம்பத்தும் ஒதுங்கியிருக்கிறார். அந்த அம்மா கையைப் பிடித்து இழுத்துக் கணவர் பக்கத்தில் நிறுத்தி இருவருக்கும் சேர்த்துச் சுற்றியிருக்கிறார். "எனக்கும் இன்னிக்குத்தான் ரிட்டயர்மென்ட் மேடம்" என்று சொல்லிச் சிரித்தார். ஒரு பையில் எனக்கும் ஹோளிகெ கொடுத்தனுப்பியிருந்தார்கள், நம் ஊர் போளிதான். நெய் வழிந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் பார்க்க ஆட்டோவை நாள் வாடகைக்குப் பேசுவதுதான் லாபம், ஆனால் ஓசூர் ரோட்டில் மேம்பாலம் முடியும்வரை எல்லா நேரக் கணக்கிலும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். மூக்கை மூட ஒரு கைக்குட்டை கட்டாயம். பழைய தொழிற்சாலைகள் எதிலும் முன் அனுமதி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், கேட்டோடு சரி. மாதத்தின் கடைசி வேலை நாளில் மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் வழியனுப்பும் காட்சியைப் பார்க்கலாம், மே மாதமென்றால் கூட்டம் அதிகம். தள்ளி நின்று பாருங்கள், கேமரா வேண்டாம். பெரியவர்கள் யாராவது பேச்சுக் கொடுத்தால் 91-இல் என்ன நடந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு தயவுசெய்து வாயை மூடிக்கொண்டிருங்கள். நான் செய்யாததைச் சொல்கிறேன்.

தொழிற்சாலை பெயரை எழுத வேண்டாம் என்று சொன்னது சம்பத். மற்றதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டதற்குத் தாராளமாக என்றார். ஏழேகாலுக்கு மடிவாளாவில் கிருஷ்ணகிரி பஸ் வந்தது. ஏறும்போது ஒன்று கேட்டுவிட்டேன். வரும் வழியில் அத்தனை முறை சொல்லிப் பார்த்த காரணங்களை பசவராஜிடம் ஏன் சொல்லவில்லை என்று. வாத்தியாருக்கு இந்த வருத்தம் இருக்கத்தானே செய்யும்.

"நீங்க சொன்னது அத்தனையும் கரெக்ட்தான் மேடம்" என்றார் சம்பத். "அதைச் சொல்லியிருந்தா அவனும் கரெக்ட்டுன்னுதான் சொல்லியிருப்பான். பஸ்ல ஏத்தியிருக்க மாட்டான்."